கீனன் மெக்கார்டெல் கதை, உனக்காக

தம்பி,

வாட்ஸப்புல எழுதினா ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு போயிருவ, அதான் மெயில்ல எழுதறேன். தமிழ்ல இருக்கேன்னு மூடி வச்சிராத. சண்டே கிளாஸ்ல உன்னைய அத்தனை வருஷம் இழுத்துட்டுப் போய் உட்கார வச்சது இதுக்குத்தான், மெதுவா படி, ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல.

அந்த ஐயோவா காலேஜ்ல, அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல பந்து பிடிக்கற ரிசீவர் பசங்களுக்கு கோச் பண்ணிக்கிட்டே மாஸ்டர்ஸ் படிக்கற கிராஜுவேட் அசிஸ்டென்டா கூப்பிட்டிருக்காங்கன்னு நீ போன்ல சொன்னப்ப உன் குரல்ல ஒரு சந்தோஷமும் இல்ல. ஆடறதுக்கு லாயக்கில்லைன்னு ஆனவங்க போய் ஒதுங்கற இடம் மாதிரி பேசின. உங்கப்பாவோ "மாஸ்டர்ஸ் ஃபீஸும் மிச்சம், கைல கொஞ்சம் காசும் வரும், அப்புறம் என்ன"ன்னு முடிச்சிட்டு டிவியைப் பார்க்க திரும்பிட்டாரு. எனக்கு ரெண்டு பேரு பேச்சும் ஒத்துக்கல. நீ அதை ரொம்ப கீழ வச்சு பாக்கற, அவரு ரொம்ப லேசா எடுத்துக்கறாரு.

என்எஃப்எல்ல, அதான் ஃபுட்பால்ல பெரிய லீக்ல, நம்மூரு டீமுக்கு ஆடினவரு ஒருத்தரு, கீனன் மெக்கார்டெல். உனக்கு பேரு தெரிஞ்சிருக்கும், மினசோட்டா டீம்ல ஸ்டார் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு கோச்சா இருந்தவருன்னு. எனக்கு அவரை அதுக்கு முன்னாடியே தெரியும். நாங்க ஜாக்சன்வில்லுக்கு வந்து இறங்கினப்ப அப்பாவுக்கு 2000 வருஷத்துக்குள்ள கம்ப்யூட்டர் தேதியைச் சரி பண்ற ஒய்2கே வேலை, ராத்திரி பகல் தெரியாது, எனக்கு ஊருல ஒருத்தரையும் தெரியாது, பக்கத்து அபார்ட்மெண்ட் அம்மா ஒருத்தங்க ஞாயித்துக்கிழமையானா கூப்பிட்டு உட்கார வச்சு ஆட்டம் பார்க்க சொல்லிக் கொடுத்தாங்க. அப்ப ஜாக்வார்ஸ் டீமே புதுசு, 1995லதான் ஆரம்பிச்சாங்க. ஜிம்மி ஸ்மித் ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம். எனக்கு ரூல் ஒண்ணும் புரியாத காலத்துலயே ஒண்ணு மட்டும் புரிஞ்சுது, பந்து இவரு கைக்கு வந்தா கீழ விழாதுன்னு.

இந்த மனுசன் எங்கிருந்து வந்தாருன்னு தெரியுமா. சொந்த ஊரு ஹூஸ்டன், படிச்சது லாஸ் வேகாஸ் யூனிவர்சிட்டி. 1991 டிராஃப்ட்ல, அதான் டீமுங்க காலேஜ் பசங்களை ஒவ்வொருத்தரா பேரு சொல்லி எடுக்கறதுல, வாஷிங்டன் டீம் எடுத்தாங்க, 12வது ரவுண்டு, 326வது ஆளு. இப்ப டிராஃப்ட்டே 7 ரவுண்டோட முடிஞ்சிருது, அப்ப இவரு இன்னைக்குப் பொறந்திருந்தா யாரும் பேரையே கூப்பிட்டிருக்க மாட்டாங்க, உன் கதைதான். முதல் வருஷம் முழுக்க அடிபட்டவங்க லிஸ்ட்ல. அந்த வருஷம் வாஷிங்டன் பஃபலோவை 37-24ன்னு அடிச்சு லீக் ஃபைனலான சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க, இவரு ஒரு ஆட்டம்கூட இறங்கல. ஆனா அந்த டீம்ல யாரு யாரு ரிசீவர்னு பாரு, ஆர்ட் மங்க், கேரி கிளார்க், ரிக்கி சாண்டர்ஸ். ஒரு சின்னப் பையன் அடிபட்டு சும்மா நிக்கறதுன்னா அவங்க மூணு பேரு ப்ராக்டிஸ் பண்ற இடத்துல நிக்கறது நல்லதுதானே.

அப்புறம் கிளீவ்லேண்ட். வச்சாங்க, அனுப்பினாங்க, திருப்பி எடுத்தாங்க, ஆட்டத்துல இறக்காம பயிற்சிக்கு மட்டும் வச்சுக்கற ப்ராக்டிஸ் ஸ்குவாட்ல போட்டாங்க, மறுபடி மேல எடுத்தாங்க. 1994 முடியற வரைக்கும் மொத்தமா கூட்டினாலும் 30 கேட்ச் தேறாது. டிராஃப்ட் ஆகி நாலு சீசன், அவ்ளோதான். 1995ல கொஞ்சம் ஆட விட்டாங்க, சரி இனி ஆச்சுன்னு நினைக்கும்போது அந்த டீமே மூட்டை கட்டிட்டு பால்டிமோருக்குப் போயிருச்சு. இவரு எந்த டீமோடயும் ஒப்பந்தம் இல்லாத ஃப்ரீ ஏஜென்டா எங்க ஊருக்கு வந்தாரு, 1996ல 85 கேட்ச், பந்து பிடிச்சு 1,129 யார்டு தூரம், அந்த வருஷ ஸ்டாருங்களை மட்டும் கூப்பிடற ப்ரோ பவுல். ரெண்டே வயசு டீம் சூப்பர் பவுலுக்கு முந்தின ஆட்டமான கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரைக்கும் போச்சு.

இதை நான் "பொறுத்திருந்தா உனக்கும் நடக்கும்"னு சொல்றதுக்கு எழுதல சாமி. உனக்கு நடக்காது. நீ 40 யார்டை 4.7 செகண்ட்ல ஓடற, அது பத்தாது, சின்ன காலேஜ், ட்ரை அவுட்ல கூப்பிட்டுப் பார்த்துட்டு தேங்க்ஸ்னு அனுப்பிட்டாங்க, கேம்புக்கு 90 பேரு வந்தா 53 பேரைத்தான் வச்சுக்கறாங்க, நீ அந்த 90லயே இல்ல. இது உனக்கே தெரியும், நான் சொன்னா மட்டும் கோவம் வரும், வரட்டும்.

நான் சொல்ல வந்தது அந்த நாலு சீசன்ல அவரு என்ன பண்ணிட்டிருந்தாருங்கறது. டீம்ல கடைசி இடத்துல இருக்கற ரிசீவர் ஒரு பொசிஷன் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தா பொழைக்க முடியாது. இந்தப் பக்கத்து ஆளு கணுக்காலைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தா இவன் போகணும், அந்தப் பக்கத்து ஆளுன்னாலும் இவன்தான், நடுவுல ஸ்லாட்லயும் நிக்கத் தெரியணும், கிக்ஆஃப்புக்கு ஓடி யாரையாவது போய் முட்டணும். ஸ்டார் ஆளுக்கு அவன் ஓட வேண்டிய ரூட் தெரிஞ்சா போதும், இவனுக்கு எல்லாருடைய ரூட்டும் தெரியணும். நீயும் மூணு வருஷம் அப்படித்தானே இருந்த, உன் நோட்டுல மூணு கலர் பேனாவுல மூணு பொசிஷனுக்கும் எழுதி வச்சிருந்தியே, நான் ரூமை கூட்டும்போது பார்த்திருக்கேன். அதுதான் கோச்சிங்குக்கு வேணுங்கற சரக்கு. ஓடறதும் குதிக்கறதும் உடம்போட போயிரும், இது போகாது.

அவரு பெரிய வேகக்காரர்லாம் இல்ல. நம்ம பழைய வீடியோ எடுத்து ஒரு கம்பேக் ரூட் மட்டும் பாரு. நேரா பின்னாடி வரைக்கும் ஓடறவன் மாதிரியே கிளம்புவாரு, கை வீச்சு மாறாது, தலை நிமிராது, அவரைத் தடுக்க நிக்கற கார்னர்பேக் பயந்து இடுப்பைத் திருப்பி ஓட ஆரம்பிச்சதும் இவரு அங்கேயே இடுப்பை இறக்கி ரெண்டே அடில நின்னு, கோட்டுப் பக்கமா திரும்பி பந்தை நோக்கி வருவாரு. நாலு அஞ்சு அடி வச்சு நிக்கறவனுக்கு கார்னர்பேக் வந்து சேர்ந்துருவான். நெஞ்சுக்கு மேல வர்ற பந்துன்னா ரெண்டு கட்டைவிரலும் சேரணும், கீழ வந்தா ரெண்டு சுண்டுவிரலும் சேரணும், பந்து கக்கத்துக்குள்ள போற வரைக்கும் கண்ணு அதுலயே இருக்கணும். இதெல்லாம் நீ பேக்யார்டுல எதிர்வீட்டுப் பொடியனுக்கு சொல்லிக் கொடுத்ததை கிச்சன் ஜன்னல்ல கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அந்தப் பையன் இப்ப ஹைஸ்கூல் டீம்ல இருக்கான், போன வாரம் பப்ளிக்ஸ் கடைல பார்த்தேன், உன்னை விசாரிச்சான்.

சரி, கதைக்கு வர்றேன். ஜாக்சன்வில்ல ஆறு சீசன், அப்புறம் காசு கணக்குல இவரை விட்டுட்டாங்க, டாம்பா போனாரு. 2003 ஜனவரி சான் டியேகோல சூப்பர் பவுல், டாம்பா 48, ஓக்லண்ட் 21, அதுல இவரு பந்தோட கடைசிக் கோட்டைத் தாண்டின டச்டவுன் ரெண்டு. நீ அப்ப கைக்குழந்தை, நான் உன்னை மடில போட்டுட்டு பார்த்தேன், அப்பா "உங்க ஆளு உங்க ஆளு"ன்னு கத்தி உன்னை எழுப்பி விட்டுட்டாரு. அடுத்த வருஷம் 33 வயசுல 1,174 யார்டு, மறுபடி ப்ரோ பவுல். அதுக்கு ஏத்த மாதிரி சம்பளம் குடுங்கன்னு கேட்டு 2004ல டீமுக்கே போகாம வீட்ல உட்கார்ந்துட்டாரு, அக்டோபர்ல சான் டியேகோவுக்கு மாத்தி விட்டாங்க. அங்க போயும் சும்மா இல்ல, 2005ல 9 டச்டவுன். கடைசியா 2007ல ஆரம்பிச்ச வாஷிங்டன்லயே வந்து முடிச்சாரு. மொத்தம் 883 கேட்ச், 11,373 யார்டு. இவ்ளோ வச்சிருக்கறவரை பெரிய ஆட்டக்காரங்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் பேச்சுல யாரும் பெருசா எடுக்கறதில்ல, அது எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல்தான்.

இப்பத்தான் நீ கவனமா படிக்க வேண்டியது. 2010ல வாஷிங்டன்ல ரிசீவர்ஸ் கோச் ஆனாரு. ரெண்டு சீசன், முடிஞ்சுது. அப்புறம் 2014 வரைக்கும் டீம் இல்ல. 17 சீசன் லீக்ல இருந்தவரு, ரெண்டு சூப்பர் பவுல் மோதிரம் வச்சிருக்கறவரு, 2014ல மேரிலேண்ட் யூனிவர்சிட்டில போய் காலேஜ் பசங்களுக்கு சொல்லிக் கொடுத்தாரு, அதுவும் ரெண்டு சீசன். அந்த வேலைன்னா பசங்க வீடு வீடாப் போய் அவங்க அம்மாமாரு முன்னாடி சோஃபாவுல உட்கார்ந்து உங்க பையனை எங்க காலேஜுக்கு அனுப்புங்கன்னு கேக்கறதும் சேர்த்திதான். 2017ல திருப்பி ஜாக்சன்வில், இந்தத் தடவை கோச்சா. அந்த வருஷம் முதல் ஆட்டத்துலயே நம்ம ஸ்டார் ரிசீவர் ஆலன் ராபின்சன் முட்டி போச்சு, நீயும் அப்பாவும் தலைல கை வச்சிட்டு உட்கார்ந்தீங்க. அந்த சீசன் டீம்ல அதிக யார்டு யாருக்கு, சொல்லு பாக்கலாம். கீலன் கோல். 748 யார்டு. கென்டக்கி வெஸ்லியன்னு ரெண்டாம் மட்டத்துல ஆடற ஒரு டிவிஷன் டூ காலேஜ், டிராஃப்ட்ல எவனும் எடுக்காத பையன். டீம் கான்ஃபரன்ஸ் ஃபைனல் போய் நியூ இங்கிலாந்துகிட்ட 24-20ன்னு தோத்துச்சு. அந்தப் பையனுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க 326வது ஆளா வந்த கண்ணு ஒண்ணு அங்க இருந்துச்சுன்னு நான் நினைக்கறேன், நீ ஒத்துக்காட்டி போ.

ஆனா 2020ல டீம் 16 ஆட்டத்துல ஒண்ணுதான் ஜெயிச்சுது, 1-15. ஹெட் கோச்சோட சேர்த்து கூட்டத்தையே வெளிய அனுப்பிட்டாங்க. ரிசீவர் பசங்க நல்லா ஆடினாங்களா இல்லையான்னு யாரும் தனியா பார்க்கறதில்ல, மேல இருக்கறவன் போனா கீழ இருக்கறவனும் வீட்டைக் காலி பண்ணணும். 2021ல மினசோட்டா போனாரு, ஒரே வருஷத்துல அங்கயும் ஹெட் கோச்சை மாத்திட்டாங்க. புதுசா வந்த கெவின் ஓ'கானல் இவரை மட்டும் அனுப்பாம வச்சுக்கிட்டாரு. அது சாதாரண விஷயம் இல்ல, புதுசா வர்றவங்க அவங்கவங்க ஆளைத்தான் கூட்டிட்டு வருவாங்க. 2022ல ஜெஃபர்சன் 128 கேட்ச், 1,809 யார்டு, லீக்லயே முதல். இதுக்கு இவருதான் காரணம்னு நான் அடிச்சு விட மாட்டேன், அந்தப் பையன் இவரு போறதுக்கு முன்னாடியே முதல் வருஷத்துலயே 1,400 யார்டு எடுத்தவன். ஒரு கோச்சால அதைக் கெடுக்காம இருக்க முடிஞ்சா அதுவே பெருசு, நல்லா ஆடற பையன் கையை காலைத் திருத்தறேன்னு கெடுத்த கோச் எத்தனை பேருன்னு உனக்கே தெரியும், உன் செகண்ட் இயர்ல ஒருத்தரு பண்ணினாரே.

அதனால இது போய் ஒதுங்கற இடம்னு நினைக்காத. ப்ளேயரைக் கட் பண்ற மாதிரிதான் கோச்சையும் கட் பண்றாங்க, டேப்பு ஒட்டின அட்டைப்பெட்டி அதே பெட்டிதான், அது மட்டுமில்ல அப்ப உனக்கு பொண்டாட்டி புள்ளைங்களும் இருக்கும், அவங்க ஸ்கூல் மாறணும். 24 வயசுல ஒரு பெட்டில போற மாதிரி இருக்காது. காலைல அஞ்சு மணிக்கு போய் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஃபிலிம் ரூம்ல உட்கார்ந்து ஆட்ட வீடியோவை வெட்டி ஒட்டணும், பேரு யாருக்கும் தெரியாது, பையன் பந்தை விட்டா மட்டும் டிவிக்காரன் உன் மூஞ்சிக்கு கேமராவைத் திருப்புவான். அப்பா நினைக்கற மாதிரி லேசும் இல்ல, நீ நினைக்கற மாதிரி கீழயும் இல்ல. ஆடின ஆட்டத்தையே இன்னொருத்தன் கால் வழியா மறுபடி ஆடறது, கட் ஆகற பயம் உட்பட எல்லாம் கூடவே வரும்.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், எனக்கு பதில் எழுத வேண்டாம், உனக்குள்ள பாரு. போன சீசன்ல அந்த ஃப்ரெஷ்மேன் பையன், நீ கூடவே இருந்து, கிளம்பும்போதே தடுக்கறவனை ஏமாத்தி விலகற ரிலீஸ் சொல்லிக் கொடுத்தியே, அவன் உன் இடத்துல இறங்கி முதல் டச்டவுன் போட்டப்ப நீ சைட்லைன்ல குதிச்ச குதி இருக்கே, நானும் அப்பாவும் ஸ்டாண்ட்ல இருந்து பார்த்தோம். அது கூட ஆடறவன் மரியாதைக்கு கைதட்டற மாதிரி எனக்கு தெரியல. அது உண்மையான சந்தோஷம்னா ஒத்துக்கோ. வயித்துக்குள்ள எரிஞ்சிட்டுதான் குதிச்சேன்னா வேண்டாம், கம்ப்யூட்டர் படிப்பை முடிச்சிருக்க, வேற வழி பாரு, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். பாதி மனசோட போய் பதினெட்டு வயசுப் பசங்க முன்னாடி நிக்காத, அவங்க முதல் வாரத்துலயே கண்டுபிடிச்சிருவாங்க.

போறதா முடிவு பண்ணினா சில விஷயம். மாசம் எவ்வளவு ஸ்டைபெண்ட், சம்மர்ல வருமா வராதா, தங்கற இடம் அவங்க பொறுப்பா உன் பொறுப்பா, இதையெல்லாம் பேப்பர்ல வாங்கு, போன்ல சொன்னதை நம்பாத. ஐயோவாவுல நவம்பர்லயே பனி கொட்டும், நம்ம காரோட டயரு அதுக்கு ஆகாது, அப்பா மாத்திக் குடுக்கறேன்னு சொல்லிட்டாரு, உன்கிட்ட சொல்லாதன்னும் சொன்னாரு. 26 வயசு வரைக்கும் நீ எங்க ஹெல்த் இன்சூரன்ஸ்லயே இருக்கலாம், ஆனா ஐயோவாவுல எந்த டாக்டர் நம்ம பிளான்ல வருவாங்கன்னு பார்க்கணும், அந்தத் தோள்பட்டைய ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டுப் போ, கிளம்பறதுக்கு முன்னாடி இங்கயே. நான் புதன்கிழமைக்கு அப்பாயிண்ட்மெண்ட் கேட்டு வச்சிருக்கேன், வேண்டாம்னா செவ்வாய்க்குள்ள சொல்லிரு, இல்லைன்னா அவங்க கேன்சலேஷன் ஃபீஸ் போட்டுருவாங்க.

அம்மா