நோட்டீஸே போய்ச் சேரல, அப்புறம் எங்க 60 நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தங்கச்சி வூட்டுக்காரர் ஜெர்மனியில வேலை பாக்கறாரு. அவளையும் குழந்தையையும் குடியாத்தத்துல எங்க வீட்டுல விட்டுட்டுப் போனவரு, பணமும் அனுப்பறதில்ல, போனும் எடுக்கறதில்ல. ஜீவனாம்ச கேஸ் போட்டு அஞ்சு வருஷம் ஆகுது, இன்னும் வாய்தா தான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பழைய 125வது பிரிவு, இப்போ அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 144வது பிரிவு, அதுல இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிஞ்சவரைக்கும் 60 நாள்ல முடிக்கணும்னு இருக்கு, ஆனா அந்த 60 நாள் எப்போலேந்துன்னா எதிராளி கையில நோட்டீஸ் கிடைச்ச நாள்லேந்து. உள்ளூர்ல இருக்கறவருக்கு சரி. வெளிநாட்டுல வீடு மாத்திக்கிட்டே இருக்கறவருக்கு நோட்டீஸ் போகும், திரும்பி வரும், மறுபடி அட்ரஸ் தேடணும், அதுக்கு ஒரு வாய்தா. எங்களுக்கு முதல் நாளே இன்னும் ஆரம்பிக்கல.

ஐ.நா.வுக்கு எழுதுங்கன்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. விசாரிச்சா, அங்க போக முதல்ல நம்ம ஊர் கோர்ட்டுல இருக்கற வழி எல்லாம் பாத்து முடிச்சிருக்கணுமாம், அளவுக்கு மீறி இழுத்தடிச்சா மட்டும் அதுக்கு விலக்கு உண்டாம். கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா 1979ல ஐ.நா.வோட சிவில், அரசியல் உரிமை ஒப்பந்தத்துல சேந்த இந்தியா, தனி ஆள் அங்க புகார் குடுக்க வழி பண்ற துணை ஒப்பந்தத்த இன்னிக்கு வரைக்கும் ஏத்துக்கல. அந்தக் கதவு நமக்கு மூடியே கிடக்கு. ஐரோப்பிய நாடுங்க மேல வர்ற புகாரை விசாரிக்கற ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை கோர்ட்டுக்கும் இங்க நடக்கற தாமதத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

அதே ஜெர்மனியில 2011லேந்து ஒரு சட்டம் இருக்கு. கேஸ் இழுத்தா அதே கோர்ட்டுல தாமதப் புகார் குடுக்கலாம், பின்னாடி தாமதமான ஒவ்வொரு வருஷத்துக்கும் பொதுவா 1200 யூரோ இழப்பீடு. முதல்ல அந்த வழிய பாத்துட்டு வாங்கன்னு ஸ்ட்ராஸ்பர்க் கோர்ட்டே 2012ல சொல்லுச்சு. 2015ல, குழந்தைய பாக்கற உரிமை கேஸ் ஒண்ணுல, பின்னாடி காசு குடுத்தா மட்டும் பத்தாது, கேஸ வேகமா நகத்தற வழியும் வேணும்னு சொல்லிடுச்சு. எங்களுக்கு வேண்டியதும் அதே தான்.

இங்க என்ன இருக்கு? சீக்கிரம் விசாரிங்கன்னு அதே கோர்ட்டுல ஒரு மனு, இல்லன்னா சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய் இத்தனை மாசத்துல முடிக்கணும்னு உத்தரவு வாங்கணும். குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் கட்டவே கடன் வாங்கறவ அதுக்கு எங்க போவா? பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணலாம், அதுவே எங்களுக்கு நாலாவது வருஷம் தான் தெரிஞ்சுது.

எதிராளி வெளிநாட்டுல இருந்தா மனு போட்ட நாள்லேந்தே 60 நாள எண்ணணும், தாமதத்துக்குன்னே புகார் குடுக்க இங்கயும் ஒரு சட்டம் வரணும். நம்ம எம்.பி.ங்க இத பார்லிமெண்டுல கேக்கணும்.

இப்படிக்கு,
ஒரு அக்கா, குடியாத்தம்