மால்டாவுக்குக் குளிர்காலம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில், மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவைப் பற்றி, “மால்டாவில் ஆண்டு முழுவதும் கோடைதான், நாலு பருத்திச் சட்டை போதும்” என்று எழுதியிருந்தீர்கள். இந்த வரியை நம்பி ஜனவரியில் போய் இறங்குபவர்களின் நிலைமையைச் சற்று யோசித்திருக்கலாம்.

ஜனவரியில் அங்கே பகலில் 15, 16 டிகிரி, இரவில் 9, 10. குறைவாகத் தெரியாது. ஆனால் வீடுகள் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை. அந்தக் கல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீட்டைச் சூடாக்கும் வசதி பல வீடுகளில் கிடையாது. வாசலில் வெயில் அடிக்கும்போதே உள்ளே கால் விறைக்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்; நாலு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். துணியை அறைக்குள் உலர்த்தினால் அந்த ஈரமும் சுவருக்கே போகும்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர். பெரும்பகுதி செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் ஆறாமல் இருக்கும்போது மேலே குளிர்காற்று வந்தால் இடிமழைதான். ஆறு இல்லாத தீவு. தண்ணீர் பள்ளத்தாக்குச் சாலைகளிலேயே ஓடும். பிர்கிர்காரா, ம்சீதா ஆகிய ஊர்களில் தரைத்தளத்தில் வீடு பார்ப்பவர்கள் இதை விசாரிக்காமல் முன்பணம் தரக்கூடாது.

முன்பொரு முறை அங்குள்ள Marsaxlokk என்ற மீனவ ஊரின் பெயரை ‘மார்சக்ஸ்லோக்’ என்று அச்சிட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. மால்டிய மொழியில் ‘x’ எழுத்துக்கு ‘ஷ’ ஒலி: மார்சஷ்லோக். ‘ஷ்லோக்’ என்பது தென்கிழக்குக் காற்று. சஹாராவில் வறண்டு கிளம்பி, கடலைக் கடக்கையில் ஈரம் ஏற்றிக்கொண்டு வரும் புழுக்கக் காற்று. அது வீசும் நாளில் தெற்குக் கரையில் குளிக்க இறங்கக்கூடாது, வடக்கே போக வேண்டும். வடமேற்குக் காற்றானால் நேர்மாறு. பெயரைச் சரியாக எழுதியிருந்தால் வாசகருக்குக் காற்றும் தெரிந்திருக்கும்.

வடகிழக்குக் காற்றான ‘க்ரிகால்’ இன்னும் மோசம். 2019 பிப்ரவரியில் அது ஷெம்ஷியா என்ற கடலோர ஊரில் மீன்களைச் சாலையில் கொண்டுவந்து போட்டது. செய்திப் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. தெரிந்தும் ‘ஆண்டு முழுவதும் கோடை’ என்று அச்சேறியதுதான் மனத்தை வருத்துகிறது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், “நவம்பர் முதல் மார்ச் வரை கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அவசியம்” என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்