கோயில் பதிவேடுகளை ஒப்படைக்கும் முன்: டர்பன் ஆவணக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கோயில்களின் திருமணப் பதிவேடுகள், நன்கொடைப் புத்தகங்கள், பழைய தமிழ்ப் பள்ளிகளின் வருகைப் பட்டியல்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நகரத்தில் உள்ள ஒரு தனியார் டேட்டா சென்டரில் (கணினிக் கோப்புகளைச் சேமித்துக் காக்கும் கட்டடத்தில்) வைக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். நல்ல காரியம். 1860 நவம்பர் 16 அன்று இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் துறைமுகத்தில் வந்து நின்றதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த 152,184 பேரின் கப்பல் பட்டியல்கள் தப்பிப் பிழைத்ததால்தான், தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்று இன்றைக்கும் பலர் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். கோயில் பதிவேடுகளுக்கு அப்படியொரு அரசுக் காவல் கிடையாது.

நீங்கள் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய அறிக்கையைப் படித்தேன். கைரேகைக் கதவு, வரிசை வரிசையாக விளக்கு மின்னும் ரேக்குகள் (சர்வர் கணினிகளை அடுக்கிய சட்டங்கள்), சுவரில் மாட்டிய சான்றிதழ்கள், பிறகு சமூசாவும் காப்பியும். சுற்றிக் காட்டுகிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். இந்த ஊரில் சர்வர் அறைகளுக்கு மின்சாரமும் குளிரூட்டலும் பார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: கட்டடத்தைப் பார்த்தது போதும், இனி அவர்களுடைய பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள்.

முதலில் அந்தச் சான்றிதழ். ‘டயர் 3’ (Tier 3, மூன்றாம் படி) என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். டேட்டா சென்டர்களுக்கான அந்தத் தரவரிசையை வகுத்தது அப்டைம் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு. எந்த ஒரு கருவியையும் பழுதுபார்க்க நிறுத்தினாலும் சர்வர்கள் நிற்கக் கூடாது என்பதுதான் மூன்றாம் படியின் சாரம். ஆனால் வரைபடத்துக்குத் தரும் சான்று வேறு, கட்டி முடித்த கட்டடத்துக்குத் தருவது வேறு, நடத்தும் முறைக்குத் தருவது இன்னொன்று. சுவரில் தொங்குவது இவற்றில் எது, எந்த ஆண்டுக்கானது? ஒரு போன் செய்து கேட்டுவிடலாம்.

அடுத்தது ஜெனரேட்டர். மின்சாரம் போனால் யூபிஎஸ் பேட்டரி தாங்குவது சில நிமிடங்களுக்குத்தான். அதற்குள் ஜெனரேட்டர் எழுந்தாக வேண்டும். 2022, 2023இல் ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்த கடும் மின்வெட்டு, நம்மை வாட்டியபோது, ஒரு வகையில் எல்லா டேட்டா சென்டர்களும் தினமும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தன. பழுதான பேட்டரி உடனே காட்டிக்கொடுத்துவிடும். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெடிங் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. நமக்கு நிம்மதிதான், ஆனால் எனக்குக் கவலை அங்கேதான் தொடங்குகிறது. ஓடாத ஜெனரேட்டர், தொட்டியில் தேங்கிக் கிடக்கும் டீசல், மாற்ற வேண்டிய ஆண்டைத் தாண்டிய பேட்டரி, இவை மூன்றும் வெளியே தெரியாது. டீசலில் தண்ணீர் இறங்கும், கசடு கட்டும், அவசர நேரத்தில் ஃபில்டர் அடைக்கும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு ‘சோதித்தோம்’ என்று எழுதுவதும் சோதனை ஆகாது. முழுச் சுமையைத் தாங்கி எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக என்றைக்கு, டீசலைச் சோதித்தது யார் என்று கேளுங்கள்.

‘48 மணி நேரத்துக்கு டீசல் இருப்பு உண்டு’ என்று சொன்னால் ‘2021 ஜூலைக் கலவரத்தின்போது என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். அந்த வாரம் ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை மூடியிருந்தது, லாரிகள் எரிந்தன, சாப்ரெஃப் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வேலையை நிறுத்தியது, பீனிக்ஸ் பகுதியில் நம் ஆட்கள் காவலுக்காகத் தெருவிலேயே கண்விழித்துக் கிடந்தார்கள். டீசல் வண்டி எப்படி வந்தது? பணிமுறை ஆட்கள் எப்படி வந்து போனார்கள்? இதற்கு நேரான பதில் சொல்கிற நிறுவனத்தை நான் நம்புவேன். ‘எங்களுக்குப் பிரச்சினையே வரவில்லை’ என்றால் நம்ப மாட்டேன்.

வெள்ளத்தைப் பற்றி டர்பன்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த நம் பழைய கோயிலே 1905 வெள்ளத்தில் போனதுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊரே மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. ஆகவே கட்டடம் மேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. குளிரூட்டும் கருவிகளுக்குத் தண்ணீர் வேண்டுமா, நகராட்சித் தண்ணீர் நின்றால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும், மின் பலகைகள் தரைத்தளத்திலா மாடியிலா என்பதும் தெரிய வேண்டும்.

ஃபைபர் இணைய இணைப்பு இரண்டு நிறுவனங்களிடமிருந்து வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, இரண்டும் ஒரே பள்ளத்தில் போனால்? ஒரு மண்வாரி இயந்திரம் போதும், இரண்டும் அறும். 2024 மே 12 அன்று டர்பனுக்கு வடக்கே கடலடியில் சீகாம், ஈஸி என்ற இரண்டு இணைய கேபிள்களும் ஒரே நாளில் அறுந்தன. நம் வேலைக்குக் கடல் கேபிள் அவ்வளவு முக்கியமில்லை என்றாலும், பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தீயைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. 2021 மார்ச் 10 அன்று ஃபிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் டேட்டா சென்டர் நடத்தும் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. பேக்கப் (மாற்று நகல்) இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த சிலருக்கு, அந்தப் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே நகலே வைக்கவில்லையாம். ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை.

நம்மிடம் இருப்பது அதில் ஒரு துளிதான், சில டெராபைட் இருக்கலாம். அதனால் நமக்கு எந்தச் சாக்கும் இல்லை. இன்னொரு நகல் டர்பனுக்கு வெளியே, ஜோஹன்னஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ, வேறு நிறுவனத்திடம் இருக்கட்டும். மூன்றாவது நகல் இணையத்தோடு இணைக்காத ஹார்ட் டிஸ்க் வட்டில், சங்க இரும்புப் பெட்டியில். 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகளை இணையம் வழியே தாக்கி டர்பன் துறைமுகத்தையே முடக்கினார்கள். அந்த மாதிரி தாக்குதலில் தப்புவது கழற்றி வைத்த வட்டுதான். நகல் எடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கோயிலின் ஏதாவது ஓர் ஆண்டுப் பதிவேட்டைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆட்கள் விஷயத்தில் இரண்டே கேள்வி. வேலையை விட்டுப் போனவரின் நுழைவு அட்டை எத்தனை மணி நேரத்தில் செயலிழக்கும்? கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டும் கணினிச் சாவி யாரிடம்? சாவி நம்மிடம் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல, சட்டமும் கூட. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, ஒருவரின் மத நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. கோயில் உறுப்பினர் பட்டியல் அதற்குள்தான் வரும். வேறொருவரிடம் தகவலைக் கொடுத்து வைத்தாலும் பொறுப்பு நம்முடையதே, பாதுகாப்பு நடவடிக்கைகளை எழுத்து ஒப்பந்தமாகப் போட வேண்டும். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் இதற்கு அரைப் பக்கம்கூட இல்லை. ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கின்படியே ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் வாடகையில் கொஞ்சம் கழிவு, அவ்வளவுதான். தொலைந்த பதிவேட்டுக்கு என்ன என்று ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை.

கையெழுத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் கோளாறுப் பதிவு, பராமரிப்புப் பதிவு, ஜெனரேட்டர் சோதனை அறிக்கை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ரகசியம் என்று மறுத்தால், ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டு அங்கேயே உட்கார்ந்து படிக்க அனுமதி கேளுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் வேறு இடம் பார்க்கலாம், இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறதா என்ன? அடுத்த முறை போகும்போது என்னையும் அழைத்துப் போங்கள். டீசல் தொட்டிப் பக்கம் கூட்டிப் போகச் சொல்லுங்கள், மற்றதை நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் கோயில் உறுப்பினர் ஒருவர்