கிரியோன் வேடம் கிடைத்த பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அன்டிகனி என்கிற அந்தக் கிரேக்க நாடகத்தில் உனக்குக் கிரியோன் வேடம்தான் என்றதும் போனில் அப்படிச் சலித்துக்கொண்டாயே, வில்லனாக நின்று கத்த வேண்டியதுதான், கைதட்டல் எல்லாம் கதாநாயகி அன்டிகனிக்குத்தான் என்று. நீ அனுப்பிய பிரதியை முழுசாகப் படித்துவிட்டேன். எனக்கென்னவோ மோதிக்கொள்கிற அந்த இரண்டு பேரும் ஒரே அச்சு என்றுதான் படுகிறது. ரத்தம் அப்படி. கிரியோன் அவளுக்குத் தாய்மாமன், அவன் மகன் ஹேமோன்தான் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை, நம் ஊர்க் கணக்கில் இது மாமன் வீட்டுச் சண்டை.

படையெடுத்து வந்து செத்த பாலினைசீஸைப் புதைக்கக் கூடாது என்று அரசனான மாமன் ஆணையிடுகிறான், உடன்பிறந்தவனைப் புதைத்தே தீருவேன் என்கிறாள் இவள். அரச கட்டளையா தெய்வ நீதியா என்று இதைத்தான் எல்லோரும் பேசுவார்கள், அது இருக்கட்டும். எதிரி செத்தாலும் நண்பனாக மாட்டான் என்று கிரியோன் சொல்ல, நான் பகைக்கப் பிறக்கவில்லை, நேசிக்கத்தான் பிறந்தேன் என்கிறாள் அன்டிகனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் காட்சியில், கூட வரப் பயந்த சகோதரி இஸ்மீனிடம் இப்படியே பேசினால் உன்னை வெறுப்பேன் என்றவளும் இவள்தானே? அப்புறம் அந்தப் பெண்ணே வந்து நானும் சாகிறேன் என்று நிற்கும்போதும் சேர்த்துக்கொள்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று சொல்கிறேன். அவள் வளைந்து கொடுக்காததைப் பார்த்து, தீயில் இறுகிய இரும்புதான் சீக்கிரம் உடையும் என்கிறான் கிரியோன். கொஞ்ச நேரம் கழித்து அதே புத்திமதியை ஹேமோன் அவனுக்குச் சொல்கிறான்: வெள்ளத்தில் வளைகிற மரம் கிளையோடு பிழைக்கும், எதிர்த்து நிற்பது வேரோடு போகும். கி.மு. 441 வாக்கில் சோபக்ளீஸ் இதை எவ்வளவு குறும்பாக அடுக்கியிருக்கிறார் பார். அதனால் இரும்பு வசனத்தில் கத்தாதே, தம்பி. மனசார நம்பிச் சொல்லு. அது தனக்கும் பொருந்தும் என்று அவனுக்குத் துளியும் உறைக்கவில்லை.

இன்னொன்று, இரண்டு பேருக்குமே உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவன்தான் முதலில். அவள் சகோதரியையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டுப் பிணத்தின் பக்கம் போகிறாள். கிரியோன் மனம் மாறிய பிறகு என்ன செய்கிறான்? முதலில் போய் அந்தப் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தைப் புதை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியும், முதலில் பிணத்தைப் புதைக்கப் போகிறான். அவளை உயிரோடு அடைக்கச் சொன்ன குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் தூக்கில் தொங்குகிறாள். உயிரோடு இருப்பவர்களோடும் இல்லை, செத்தவர்களோடும் இல்லை என்று அவள் புலம்பியிருந்தாள். கடைசியில் உயிருள்ள பிணம் என்று தூதன் சொல்வது கிரியோனை. இதையெல்லாம் மனதில் வைத்து ஒத்திகை பார், வில்லன் தானாகவே காணாமல் போய்விடுவான்.

எனக்கு ஒரே குறை, அவன் மனைவி யூரிடிசிக்குத்தான். மகன் ஹேமோனும் அந்தக் குகையில் தன்னைக் குத்திக்கொண்டு செத்த செய்தியைக் கேட்கிறாள், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் உயிரை விடுகிறாள், மொத்த நாடகத்திலும் பத்து வரிகூட இல்லை அவளுக்கு. உங்கள் இயக்குநர் அதிலும் கை வைத்திருந்தால் என்னிடம் இப்போதே சொல்லிவிடாதே, ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று.

அன்புடன்,
அம்மா