57 சதவீதக் கணக்கு: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அம்மாவுக்கு எடுத்த டிக்கெட்டை மடிக்கும்போது அதிலிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறதாம். அம்மாவுக்கு 71 வயது. 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் சலுகை இன்னும் திரும்பவில்லை. முழுக் கட்டணம் கட்டித்தான் போகிறார். அவரிடமே இப்படிச் சொல்லிக்காட்டுவது கொஞ்சம் அதிகம்.

சரி, மீதி 43? பெரும்பகுதி சரக்கு ரயில் சம்பாதிப்பது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் கூடுதலாக வாங்கும் கூலி, கரண்ட் பில்லிலும் சிமெண்ட் மூட்டையிலும் ஏறி எங்களிடமே வருகிறது. ரயில் பக்கமே போகாதவரும் கொடுக்கிறார், அவருக்குத் தெரியாமலே.

தனியாரிடம் விட்டால் சரியாகும் என்கிறார்கள். அதையும்தான் பார்த்தீர்களே! 2020 ஜூலையில் 151 ரயில்கள், 35 ஆண்டு ஒப்பந்தம் என்று அழைத்தீர்கள். மறு ஆண்டு பார்த்தால் அந்த ரயில்களைப் பிரித்து வைத்த 12 தொகுப்புகளில் மூன்றுக்குத்தான் ஆள் வந்தது. வந்த இருவரில் ஒருவர் உங்கள் ஐஆர்சிடிசி! பிரிட்டனோ 1990-களில் தனியாருக்குக் கொடுத்ததை 2024-ல் சட்டம் போட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குகிறது. ஜப்பானில் டோக்கியோ பக்கம் தனியார் ரயில் ஜோராக ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆள் குறைந்த ஹொக்கைடோவில் நட்டம்தான்.

நம் ஹொக்கைடோ திருவாரூர் - காரைக்குடி, 149 கிலோமீட்டர். அகலப்பாதையாக்கி 2019-ல் ரயில் விட்டபோது சாலை குறுக்கிடும் லெவல் கிராசிங் கேட்டுகளுக்கு ஆள் இல்லை. கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கிப்போய்ச் சாத்துவார், தாண்டியதும் மறுபடி நிற்கும், திறந்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். அடுத்த கேட்டிலும் இதே கதை. பாதிப் பகல் போய்விடும். இந்தத் தடத்தை எந்தக் கம்பெனி கேட்டு வரும்?

ஆகவே மானியம் வேண்டும். ஆனால் சரக்குக் கூலிக்குள் ஒளித்து வேண்டாம். 2017 முதல் ரயில்வே பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டும் ஒன்றுதானே? இந்தத் தடத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு, அதற்கு இத்தனை ரயில், இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அதிலேயே தடம் தடமாக எழுதுங்கள். தவறினால் அந்த மானியத்தில் பிடியுங்கள். ஐஆர்சிடிசி ஓட்டும் லக்னோ - டெல்லி தேஜஸ் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 250 ரூபாய் தருவதாக 2019-ல் சொன்னார்கள். பாசஞ்சரில் போகிறவருக்கும் கடிகாரம் அதே வேகத்தில்தான் ஓடுகிறது.

தடத்துக்கு எவ்வளவு மானியம் என்பதை டிக்கெட்டிலும் அச்சிடலாம். இடம் போதாதென்றால் அந்த 57-ஐ எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முழுக் கட்டணப் பயணி ஒருவரின் மகன்