தங்கசாலைத் தெரு பெண்கள் கழிவறையின் பூட்டைத் திறக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னை சௌகார்பேட்டையைச் சுற்றிக் காட்டுபவள். மற்ற ஆறு நாளும் இங்கேயே ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுபவள்.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்

பொருள்: பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிவறையைத் திறந்துவிட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாதங்களில் நான் கொடுத்த மூன்று மனுக்கள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், பூட்டு அப்படியே தொங்கியது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எந்தக் கட்டடம் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மின்மாற்றிக்கு அடுத்து, நீலச் சாயம் பூசியது. போன மாதம் தாங்கள் மழைநீர் வடிகாலைப் பார்க்க வந்தபோது வண்டி நின்ற இடத்திலிருந்து இருபது அடிகூட இருக்காது. ஆண்கள் பக்கம் திறந்திருக்கிறது. பெண்கள் பக்கத்தில் பதினான்கு மாதமாகப் பூட்டும், "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்ற பலகையும். ஒரு பணியும் நடைபெறவில்லை ஐயா. காற்றுப்போக்கி இடுக்கில் எட்டிப் பார்த்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உடைந்த குப்பைத்தொட்டி இரண்டும் தெரிகின்றன.

தாங்கள் தயவுசெய்து கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டுகிறேன்.

1. ஞாயிறுதோறும் பன்னிரண்டு, பதினைந்து பேரை உயர் நீதிமன்றம் மெட்ரோ வாசலில் சேர்த்துக்கொண்டு நடக்கிறேன். அரண்மனைக்காரன் தெருவில் தொடங்குவோம், அங்கே அரண்மனையே கிடையாது, ஆர்மீனியர் என்ற சொல் நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரர் ஆகிவிட்டது, 1772-இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் மட்டும் இன்றும் நிற்கிறது. பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் பவளம் விற்ற யூதர்களும், பிறகு வந்த நகரத்தாரும். வள்ளலார் பாடிய கந்தகோட்டம். 1996-இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகும் ஊர் காலியாகாத கொத்தவால்சாவடி, அங்கே தெலுங்கு பேசும் வணிகக் குடும்பங்களின் கன்னிகா பரமேஸ்வரி கோயில். அப்புறம் தங்கசாலை. மார்வாடி, குஜராத்தி, சிந்தி, இப்போது பீகாரிலிருந்து வந்து மூட்டை இழுக்கும் பையன்கள். ஒரு தெருவைத் தாண்டினால் பேச்சு மாறும், கடைப்பலகையில் எழுத்து மாறும், வாசலில் தொங்கும் தோரணம் மாறும். எல்லாம் தாங்கள் அறிந்ததே. நல்ல விஷயத்தை முதலில் சொல்லிவிடலாமே என்றுதான் எழுதினேன்.

2. இந்த நடை மூன்றரை மணி நேரம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மெட்ரோ வாசலில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஆர்மீனியர் பற்றியதல்ல, "வழியில் டாய்லெட் இருக்கா?" என்பதுதான். நான் இல்லை என்கிறேன். அந்த நொடியில் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டில் பைக்குள் போய்விடுகிறது, பிறகு மதியம் வரை வெளியே வருவதில்லை. தங்கசாலையில் ஆண்கள் பெரிய டம்ளரில் லஸ்ஸியும் பாதாம் பாலும் குடிப்பார்கள். பெண்கள் பக்கத்தில் நின்று ஒரு முறுக்கு சாண்ட்விச்சைக் கடிப்பார்கள், காரம் ஏறினால்கூடத் தண்ணீர் ஒரு மிடறுதான். மே மாத வெயிலில், ஐயா.

3. போன மாதம் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்திருந்தார், சர்க்கரை நோய் உள்ளவர். முன்கூட்டியே என்னிடம் சொல்லவில்லை, சொல்லக் கூச்சம். தங்கசாலை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான், வேறொன்றும் பேசவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. நீலக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனேன், அன்றைக்காவது திறந்திருக்காதா என்ற ஆசைதான். பூட்டு. ஆண்கள் பக்கத்தைக் காவல் காக்கும் பெரியவர் சாவி தன்னிடம் இல்லை என்றார். எதிரே ஒரு நகைக்கடையின் மாடிப்படியில் ஏறினோம். முதல் மாடி கிடங்கு. இரண்டாம் மாடியில் ஆள் இல்லை. மூன்றாம் மாடியில் முக்காடு போட்ட ஒரு மார்வாடிப் பாட்டி கதவைத் திறந்து, எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கையைக் காட்டினார். அந்த அம்மா செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடினார், வெளியே வந்ததும் அதற்காக அழுதார். பாட்டி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் நீட்டினார். அம்மா சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்தார். இன்னும் யானைக்கவுனி வரை நடக்க வேண்டியிருந்ததே.

தாகத்தோடு இருக்கிற ஒருத்தி, பாசமாக நீட்டின தண்ணீரை மறுக்கிறாள் ஐயா. இதற்குமேல் நான் என்ன எழுத?

4. பல மொழி பேசும் பகுதியில் வேலை பார்க்கிறீர்கள், எத்தனை மொழி தெரியும் என்று நடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்கு மூன்று மொழியில் ஒரே வாக்கியம் தெரியும். தெலுங்கில் "பாத்ரூம் எக்கட அண்டி", இந்தியில் "பாத்ரூம் கஹாங் ஹை", மார்வாடி வீடுகளில் "கட்டே ஹை" என்றால் கொஞ்சம் சிரித்துக்கொண்டே வழி விடுவார்கள். எந்த வீட்டில் சமையலறைப் பக்கம் போகக் கூடாது, எந்த வீட்டில் மாமியார் தூங்கும் நேரம், எந்த மாடிப்படியில் விளக்கில்லை, எல்லாம் அத்துப்படி. இந்த ஊரின் பண்பாட்டை நான் கழிவறை கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்காரர்கள் எத்தனை நாள்தான் திறப்பார்கள்? ஞாயிறுதோறும் முகம் தெரியாத பெண்கள் படியேறி வந்தால் யாருக்குத்தான் அலுக்காது? ஒரு வீட்டில் இப்போது மணியடித்தால் திறப்பதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டோம்.

5. நடைக்கு வருபவர்கள் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கேயே கிடப்பவர்கள்? கோடவுன் தெருவிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் கடையில் நிற்கும் பெண்கள், விடியலுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடும் பூக்காரம்மாக்கள், நடைபாதையில் வளையல் விற்பவர்கள். என் கடையில் நான்கு மாடிக்கும் சேர்த்து ஒரே கழிவறை, அதன் சாவி முதலாளியின் மேஜை இழுப்பறையில். ஒவ்வொரு முறையும் போய் நின்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாம் முறை கேட்டால் ஒரு பார்வை. அதனால் காலையில் காபியை நிறுத்தினோம், பதினோரு மணித் தேநீரை நிறுத்தினோம், தண்ணீரையும் நிறுத்தினோம். சிறுநீர்த் தொற்று வராதவர்கள் எங்களில் யாரும் இல்லை. எனக்கு இந்த வருடம் மூன்று முறை. மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்! கடை ஊழியர்கள் உட்காரலாம் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது, நாற்காலியும் போட்டார்கள், சரி, மகிழ்ச்சி. உட்கார்ந்துகொண்டு அடக்குகிறோம்.

6. நிதி இல்லை என்று சொல்ல முடியாது. கட்டடம் நிற்கிறது, குழாய் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆண்கள் பக்கம் அதே தொட்டித் தண்ணீரில்தான் ஓடுகிறது. தேவை ஒரு சாவி. காசு வாங்கினாலும் கொடுக்கிறோம்.

7. பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1758-59-இல் சென்னையை முற்றுகையிட்ட பிறகு ஆங்கிலேயர்கள் மதில் கட்டி, அந்தச் செலவுக்கு இங்கிருந்தவர்களிடம் வரி வாங்கத் திட்டம் போட்டார்கள், வசூலிக்க முடியவில்லை, வால் டாக்ஸ், அதாவது மதில் வரி, என்ற பெயர் மட்டும் சாலைக்கு நின்றுவிட்டது. ஞாயிறுதோறும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். இப்போதெல்லாம் கேட்பவர்கள் அந்த நீலக் கட்டடத்தின் பலகையையும் சேர்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நடைபெறாத பணிக்கும் ஒரு பெயர்ப்பலகை. எனக்கு அந்தச் சிரிப்பில் சேரத் தோன்றவில்லை.

8. போன நவம்பர் 19, உலகக் கழிவறை நாள், இதே கட்டடத்தின் மேல்தான் பேனர் கட்டினார்கள். பூட்டின் மேலேயே சாத்தி! பேனரின் கயிறு பூட்டு வளையத்தில்தான் கட்டியிருந்தது. அதைக் கட்டியவருக்குக்கூடத் தோன்றவில்லையா ஐயா? மன்னிக்கவும், மரியாதைக் குறைவாக எழுத நினைக்கவில்லை. மூன்று மனு மரியாதையாகத்தான் எழுதினேன்.

9. திறந்துவிடுங்கள்.

10. திறக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று யாராவது ஒரு பெண் ஊழியரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டுவதற்கு முந்தைய மாதங்களில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு விளக்கும் வேண்டும். மூட்டைகளை வைக்க வேறு இடமில்லையென்றால் ஆண்கள் பக்கத்தில் வையுங்கள், ஒரு மாதம், சும்மா ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், எத்தனை நாளில் இடம் கிடைக்கிறது என்று.

இத்துடன் 112 பேரின் கையெழுத்தை இணைத்திருக்கிறேன். தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது என்று ஐந்து எழுத்தில் இருக்கின்றன, ஒன்பது கைநாட்டும் உண்டு. மூன்றாம் மாடிப் பாட்டியும் போட்டிருக்கிறார், அவர் வீட்டில் கழிவறை இருந்தும். யாருடையது எது என்று படித்துக்காட்ட ஆள் தேவைப்பட்டால் வேலை நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

ஆகவே ஐயா, தயவுகூர்ந்து பெண்கள் கழிவறையைத் திறந்துவிடுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். உடனே முடியாதென்றால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டுமாவது சொல்லுங்கள். நான் போய் வாங்கிக்கொள்கிறேன். "தீர்க்கப்பட்டது" என்று மட்டும் இன்னொரு குறுஞ்செய்தி வேண்டாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், ஆறு தாள். பூட்டின் புகைப்படம், மாதத்துக்கு ஒன்றாகப் பதினான்கு.