உப்புத் தண்ணீர்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். தீபாவளி வாழ்த்துக்குப் பதில் போடவில்லை, உன் முழங்கால் ஆப்பரேஷனுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. திட்டுவதானால் முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. இதை வாட்ஸ்அப்பில் மூன்று முறை தட்டி மூன்று முறையும் அழித்தேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் தெலுக் இந்தானில் ஒரு சாவு. நம் கூட்டாளி லாரியின் மூத்த அக்கா. லாரி இன்னும் அதே மஞ்சள் சட்டையோடுதான் திரிகிறான். உன்னை விசாரித்தான். அந்த ஐந்து வெள்ளியையும் விசாரித்தான். பந்தல் ஓரத்தில் ஒரு கிழவி உட்கார்ந்து சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். 92 வயதாம். நம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். நான் இன்னார் பேரன் என்று யாரோ அவள் காதில் கத்த, அவளும் பதிலுக்குக் கத்தினாள்: "யாரு, லிஸ்டு எழுதின கிராணி பேரனா?"

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவர்தானே என் தாத்தா. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். என் புத்தி, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்ன லிஸ்டு என்று கேட்டேன்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். கித்தா என்கிற ரப்பர் வெட்டினாலும் வாங்க ஆளில்லை. மரவள்ளிக்கிழங்கு, இடுப்பில் கோணிச் சாக்கு. இதெல்லாம் நாம் கேட்டுப் புளித்த கதைதான். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் ரோட்டுக்கு ஆள் எடுத்ததும் தெரியும். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்றதும் முதலில் தானாகவே போனார்களாம். போனவன் திரும்பவில்லை, கடுதாசியும் இல்லை. அடுத்த தடவை யாரும் வரவில்லை. அப்புறம்தான் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பெயர், வயது, லயத்து வீட்டு நம்பர் எல்லாம் இருப்பது செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில். செக்ரோல் இருந்தது என் தாத்தா கையில்.

இதோடு விட்டிருந்தால் மிரட்டினார்கள், எழுதினார் என்று நானும் விட்டிருப்பேன். ஜப்பான் ராணுவப் போலீஸ், அந்தக் கெம்பெத்தாய்க்காரன், மேசைக்கு எதிரே நின்றால் நீயும் நானும் என்ன செய்திருப்போம்? ஆனால் கிழவி விடவில்லை. ஆள் ஏற்றும் வண்டி வருவதற்கு முதல் நாள் ராத்திரி தாத்தா சில வீட்டுக் கதவை மட்டும் தட்டுவாராம். "இன்னிக்கு கித்தாக்காட்டுல போய்ப் படு." அவளுடைய அப்பா அப்படித் தப்பியவர். தலைக்கணக்கு குறையக் கூடாதே, விடிந்ததும் எதிர் லயத்தில் ஒரு ஆளை ஏற்றினார்கள். அது உன் தாத்தா.

இதைச் சொல்லும்போதும் அவள் உரலை நிறுத்தவில்லை, மச்சான். "எங்கப்பன் பொழச்சான், அந்த மனுசன் போனான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கிராணி வீட்டு அடுப்புல அரிசி வேகுற வாசம் லயம் பூரா வரும்" என்றாள். மற்றதை எல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். இந்த வாசத்தை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இரண்டு பக்கமும் இணைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, பெயரோடு. நம் ஆள், பர்மாக்காரன், ஜாவாக்காரன் எல்லாம் சேர்த்துச் சுமார் 90,000 என்று மதிப்புத்தான் போடுகிறார்கள். காலராவில் விழுந்தவன் பெயரை எழுத அங்கே ஒரு கிராணி இல்லை. உன் தாத்தா பெயரை எழுதியது இங்கே மட்டும்தான், அதுவும் என் தாத்தா கையெழுத்தில்.

இரு, கடிதத்தைக் கிழித்துவிடாதே. நான் எழுத உட்கார்ந்ததே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான்.

1945இல் ஜப்பான்காரன் சரணடைந்து, வெள்ளைக்காரன் வந்து சேர்வதற்குள் இருந்த அந்தச் சில வாரங்களில் காட்டில் ஜப்பானை எதிர்த்துச் சண்டை போட்ட கம்யூனிஸ்ட் படை, அந்த மூன்று நட்சத்திரக்காரர்கள், இறங்கினார்களே, துரோகியைத் தேடிக்கொண்டு. நம் தோட்டத்துக்கும் வந்திருக்கிறார்கள். (தேடியவர்களின் லட்சணம் தனிக்கதை. அவர்களுக்கு மேலே இருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவன் லாய் டெக்கே கெம்பெத்தாயின் ஆள். 1942 செப்டம்பர் 1இல் பத்துமலை பக்கத்தில் கட்சிக்காரர்கள் கூடியதை ஜப்பான்காரன் வளைத்துச் சுட்டான், இவன் மட்டும் அங்கே போகவில்லை. 1947இல் கட்சிப் பணத்தோடு ஓடிப்போனான்.) எல்லோரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்தி, புருஷனைப் பறிகொடுத்தவள் என்று உன் பாட்டியை முன்னால் கூப்பிட்டுக் கேட்டார்களாம், லிஸ்டை எழுதியது யார் என்று. என் தாத்தா நாலு ஆள் தள்ளி நின்றிருக்கிறார்.

"ஜப்பான்காரனே எழுதிக்கிட்டான்" என்றாளாம் உன் பாட்டி.

ஏன் சொன்னாள்? கிழவியைக் கேட்டேன். "அவளைத்தான் கேக்கணும்" என்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். அத்தோடு சரி.

இப்போது நினைத்துப் பார். அதே பாட்டி சாகும்வரை எங்கள் வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை. என் தங்கை காதுகுத்துக்கு வாசலோடு நின்று மொய் எழுதிவிட்டு, அம்மா நீட்டிய காப்பியைக் கையால் தள்ளி, "உங்க வீட்டுத் தண்ணி உப்பு" என்றாளே. நாம் இரண்டு பேரும் குழாயில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்தோம். நீ பெரிய மனுஷன் மாதிரி, "லேசா உப்புதாண்டா" என்றாய். அதை வைத்து எத்தனை வருஷம் சிரித்திருக்கிறோம்! பாட்டி நம்மோடு சேர்ந்து சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

உன் வீட்டுப் படையலில் சயாம் போனவருக்கு என்று வருஷா வருஷம் ஒரு வேட்டி வைப்பார்களே, இப்போதும் வைக்கிறாயா? உன் அத்தைக்கு நினைவு தெளிவாக இருந்தால் ஒரு தடவை கேட்டுப் பார். பாட்டி ஏதாவது சொல்லியிருக்கலாம். நானே வந்து கேட்கலாமென்றால், எந்த முகத்தோடு அவர் முன்னால் உட்காருவது?

சரி. தை மாதம் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். பத்திரிகை தனியாக வரும். நீ வருவாய் என்று முன்பெல்லாம் கேட்காமலே பாய் விரித்து வைப்பேன், இந்தத் தடவை கேட்கிறேன். வந்தால் உனக்குக் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வைக்கட்டுமா என்று எழுத வந்தேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன், எழுதி முடித்த பிறகு அப்படித் தெரியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
கிராணி வீட்டுப் பையன்